மேற்குச் சன்னலுக்கு ஃபிலிம் ஒட்டினால் ஏசி செலவு உண்மையிலேயே குறையுமா?

மாலைவெயில்:

எங்கள் படுக்கையறைச் சன்னல் மேற்குப் பார்த்தது, 1.2 மீட்டர் அகலமும் 1.5 மீட்டர் உயரமும் கொண்ட, சாயமில்லாத ஒற்றைக் கண்ணாடி. கோடையில் இரண்டு மணிக்கு மேல் வெயில் உள்ளே புகுந்து, தரையில் ஒரு பாய் அளவுக்கு விரிந்து, ஆறு மணி வரை மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கிறது. அந்த இடத்தில் வெறுங்காலை வைக்க முடிவதில்லை. இரவு ஒன்பது மணிக்கு ஏசியைப் போட்டாலும், பதினொரு மணி தாண்டியும் கம்ப்ரசர் ஓயாமல் ஓடுகிறது.

வெயிலைத் தடுக்கக் கண்ணாடியில் ஒட்டும் மெல்லிய பிளாஸ்டிக் தாள்தான் இந்த ஃபிலிம். அதை விற்பவர் கறுப்புச் சாயம் ஏற்றியது, வெள்ளிபோல் மின்னுவது, செராமிக் என்று மூன்று வகைகளைக் காட்டினார். மூன்றாவது 97 விழுக்காடு அகச்சிவப்புக் கதிரைத் தடுக்கும் என்றார். ஒரு வெப்ப விளக்கின் முன் என் கையை நீட்டச் சொல்லி, இடையில் ஃபிலிமைப் பிடித்தபோது சூடு சட்டென்று நின்றுபோனது. கண்ணால் கண்டதை நம்பாமல் இருப்பதும் கடினமாக இருக்கிறது. நம்பிப் பணத்தைப் போடவும் தயக்கமாக இருக்கிறது. விவரம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை:

அந்த விளக்குச் சோதனையை ஒதுக்கி வையுங்கள். வெப்ப விளக்கு வெளியிடும் ஆற்றலில் மிகப் பெரும்பகுதி அகச்சிவப்புதான், சூரியன் அப்படியல்ல. தரையை வந்தடையும் வெயிலின் ஆற்றலில் ஏறத்தாழப் பாதி அகச்சிவப்பு, பாதிக்குச் சற்றுக் குறைவாகக் கண்ணுக்குப் புலப்படும் ஒளி, எஞ்சிய சிறு பங்கு புற ஊதாக் கதிர். வெளிச்சமாக உள்ளே வருவதும் தரையிலும் மெத்தையிலும் பட்டுச் சூடாகத்தான் மாறுகிறது. மேலும், விளம்பரத்தாள்களில் அச்சிடப்படும் 97 போன்ற எண்கள் பல நேரங்களில் 900 முதல் 1000 நானோமீட்டர் வரையிலான குறுகிய அலைநீளப் பட்டையில் மட்டும் அளக்கப்பட்டவை.

நீங்கள் கேட்க வேண்டிய எண் வேறு. கண்ணாடியில் விழும் மொத்தச் சூரிய வெப்பத்தில் எவ்வளவு பங்கு அறைக்குள் வந்து சேருகிறது என்பதை 0 முதல் 1 வரையிலான ஓர் எண்ணாகச் சொல்வார்கள், எஸ்.எச்.ஜி.சி. (SHGC) என்று ஃபிலிமின் விவரத்தாளில் இருக்கும். 3 மில்லிமீட்டர் சாதாரணக் கண்ணாடிக்கு அது சுமார் 0.86. நல்ல ஃபிலிம் ஒட்டிய கண்ணாடிக்கு 0.45 என்று வைத்துக்கொள்வோம்.

உங்கள் சன்னலின் பரப்பு 1.8 சதுர மீட்டர். தெளிந்த வானில் பிற்பகல் வெயில் மேற்குச் சுவரில் சதுர மீட்டருக்கு 600 வாட் அளவில் விழுகிறது என்று கொண்டால், இப்போது சுமார் 930 வாட் வெப்பம் உள்ளே வருகிறது; ஃபிலிம் ஒட்டிய பின் 490 வாட் அளவுக்கு வரும். மிச்சம் 440 வாட். ஒரு டன் ஏசி நீக்கும் வெப்பம் சுமார் 3500 வாட் என்பதால், இது அதில் எட்டில் ஒரு பங்கு. ஒரு பங்கு மின்சாரத்துக்கு மூன்று பங்கு வெப்பத்தை நீக்கும் ஏசியில், நான்கு மணி நேரத்துக்கு 0.6 யூனிட் மிச்சமாகும். நீங்களோ இரவில்தான் ஏசியைப் போடுகிறீர்கள்; பகலில் தரையிலும் சுவரிலும் தேங்கும் வெப்பத்தில் ஒரு பகுதி அதற்குள் தானாகவே வெளியேறிவிடும். ஆகவே முழு 0.6 உங்கள் கணக்கில் வராது. பிற்பகலில் அந்த அறையில் அமர்ந்து வேலை செய்பவருக்குத்தான் கூடுதல் பயன்.

ஒன்றை மறந்துவிடக் கூடாது: வெயில் நேரடியாகப் படாத சன்னலில் இதை ஒட்டுவதால் பெரிதாக எதுவும் மாறாது. வெளிக்காற்றின் சூடு கண்ணாடி வழியே கடந்து வருவதைச் சாதாரண ஃபிலிம் அதிகம் தடுப்பதில்லை.

ரப்பர்வைப்பர்:

பல ஆண்டுகளாக ஃபிலிம் ஒட்டும் வேலை செய்கிறேன். மேலே உள்ள கணக்கோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் எந்த ஃபிலிம் என்பதற்கு முன், எந்தக் கண்ணாடி என்று பார்க்க வேண்டும்.

கறுப்புச் சாய ஃபிலிம் வெப்பத்தைத் திருப்பி அனுப்புவதைவிட உறிஞ்சிக்கொள்வதே அதிகம். கண்ணாடியின் நடுப்பகுதி சூடேறி விரியும்போது, சட்டத்துக்குள் மறைந்திருக்கும் விளிம்பு குளிர்ந்தே இருப்பதால் இழுபடுகிறது. அந்த விளிம்பில் ஓர் அரிசி அளவு சில்லு பெயர்ந்திருந்தாலும் போதும், விரிசல் அங்கிருந்து கிளம்பும். தொழிலுக்கு வந்த புதிதில், உள்ளே கம்பி வலை பதித்த கண்ணாடியில் கறுப்பு ஃபிலிமை ஒட்டிவிட்டேன். மேலே சன்ஷேட் நிழல், கீழே வெயில் என்று பாதிப் பாதியாக இருந்த சன்னல் அது. மூன்றாம் வாரம் விளிம்பிலிருந்து நேர்க்குத்தாகத் தொடங்கி வளைந்து ஓடிய விரிசலோடு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். புதுக் கண்ணாடியை என் செலவில் போட்டுக் கொடுத்தேன். கம்பிக் கண்ணாடி, ஏற்கெனவே சாயமுள்ள கண்ணாடி, இரட்டைக் கண்ணாடி, லேமினேட் செய்தது ஆகியவற்றுக்குத் தயாரிப்பாளரின் பொருத்த அட்டவணையைப் பார்க்காமல் ஒட்டக் கூடாது. உங்களுடையது சாதாரண ஒற்றைக் கண்ணாடி என்பதால் அபாயம் குறைவு. ஆனாலும் விளிம்பைத் தடவிப் பாருங்கள்.

ஒட்டும்போது கண்ணாடியைப் பிளேடால் சுரண்டிச் சுத்தமாக்கி, சில துளி சோப்பு கலந்த நீரைத் தாராளமாகத் தெளித்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு வைப்பரால் தள்ள வேண்டும். ஓரத்தில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இடைவெளி இருக்கட்டும். முதல் சில வாரங்கள் நீர்க்குமிழிகளும் லேசான மங்கலும் தெரியும். அது பழுதில்லை, நீர் உலர்ந்ததும் மறைந்துவிடும். அமோனியா கலந்த கண்ணாடித் திரவத்தை அதன் பக்கமே கொண்டு போகாதீர்கள்.

நிழல்தேடி:

இத்தனை ஆராய்ச்சிக்கு முன், வெயிலை வெளியிலேயே நிறுத்த வழியுண்டா என்று பாருங்கள். கண்ணாடியைத் தாண்டிவிட்ட வெப்பத்தைத் திரைச்சீலை ஓரளவுதான் திருப்பி அனுப்பும், மீதி அறைக்குள்தான். சன்ஷேட் மேற்கில் பயன்படாது, தாழ்ந்த வெயில் அதன் கீழே நுழைந்துவிடும். வெளிப்பக்கம் தொங்கவிடும் தட்டியோ திரையோ எந்த ஃபிலிமையும் மிஞ்சும். செலவழிக்குமுன் நான்கு நாள் ஒரு பழைய வெள்ளைப் போர்வையைச் சன்னலுக்கு வெளியே கட்டிப் பாருங்கள். அப்போதும் இரவில் அறை குளிரவில்லை என்றால் குற்றவாளி சன்னல் அல்ல, மேல்தளமாக இருக்கலாம்.

மாலைவெயில்:

மூவருக்கும் நன்றி. போர்வையைக் கட்டிப் பார்த்தேன். கம்ப்ரசர் பத்து மணிக்கெல்லாம் முதல் ஓய்வு எடுத்தது. ஆகவே சன்னல்தான் காரணம். ஆனால் நாங்கள் இருப்பது மூன்றாம் தளம். வெளிப்புறத்தில் எதையும் நிரந்தரமாகப் பொருத்த அனுமதியில்லை. எனவே ஃபிலிம்தான். வெள்ளி வகையை ஒட்டினால் வெளியிலிருந்து யாரும் பார்க்க முடியாது என்பது இரவிலும் பொருந்துமா?

ரப்பர்வைப்பர்:

பொருந்தாது. எந்தப் பக்கம் வெளிச்சம் அதிகமோ அந்தப் பக்கத்தில்தான் அது முகம் பார்க்கும் கண்ணாடிபோல் மின்னும். இரவில் விளக்கைப் போட்டால் நீங்கள் உங்கள் முகத்தைப் பார்ப்பீர்கள், வெளியில் இருப்பவர் உங்களைப் பார்ப்பார், திரைச்சீலையைக் கழற்றிவிடாதீர்கள். உலோகப் பூச்சு சில வீடுகளில் அலைபேசிச் சிக்னலையும் சற்றுக் குறைக்கிறது. அது தொந்தரவு என்றால் செராமிக் வாங்கலாம். ஆனால் 97ஐ விட்டுவிட்டு, மேலே நண்பர் சொன்ன அந்த எண்ணைப் பார்த்து வாங்குங்கள்.

மாலைவெயில்:

விளிம்பைத் தடவிப் பார்க்கச் சொன்னீர்கள். இடது கீழ்மூலையில், ரப்பர் பட்டையைச் சற்று விலக்கியதும், நகம் மாட்டும் அளவுக்கு ஒரு சில்லு பெயர்ந்திருப்பது தெரிந்தது. முதலில் கண்ணாடியை மாற்றச் சொல்லியிருக்கிறேன். அதுவரை போர்வை அங்கேயே தொங்கட்டும்.