தாத்தாவின் வெள்ளி ரூபாய்களை விற்றேன், வருமான வரி உண்டா?

கோத்தகிரி டீச்சர்:
எங்கள் தாத்தா டீ எஸ்டேட்டில் ரைட்டராக இருந்தவர். விக்டோரியா, ஐந்தாம் ஜார்ஜ் காலத்து வெள்ளி ரூபாய்களைச் சிறு வயதிலிருந்தே சேர்த்தார். 2012இல் அவர் இறந்தபின் உயில்படி எனக்கு வந்தன. அவற்றில் 40ஐ 2025 டிசம்பரில் கோவை நாணயக் கண்காட்சியில் 1,10,000 ரூபாய்க்கு விற்றேன். அதே வருடம் நானே வாங்கி விற்றவற்றில் 15,000 லாபம். பள்ளிச் சம்பளம் வருடத்துக்கு 6 லட்சம், புதிய வரி முறை. பொழுதுபோக்குக்கும் வரி உண்டா? வருமான வரிக் கணக்குக்கு இதுவரை ஐடிஆர் 1 படிவம்தான் போட்டிருக்கிறேன்.

வெலிங்டன் பென்ஷனர்:
வீட்டிலிருந்த பழைய சாமான்தானே டீச்சர். பீரோவை விற்றால் வரியா கட்டுகிறோம்? விட்டுவிடுங்கள்.

குன்னூர் கணக்கர்:
பீரோ விஷயம் சரிதான் சார், அது சொந்த உபயோகப் பொருள். நாணயத்துக்கு அது பொருந்தாது. தோல்பூர் மகாராஜா, தன்னிடமிருந்த தங்க சவரன்களும் வெள்ளி நாணயங்களும் லட்சுமி பூஜைக்கு உரியவை, அதனால் சொந்த உபயோகப் பொருள் என்று வாதாடினார். 1976இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஆகவே டீச்சர், இது மூலதன ஆதாயம்தான், அதாவது சொத்தை விற்றதில் வந்த லாபம்.

ஆனால் 1,10,000 முழுவதும் லாபம் ஆகாது. உயிலில் வந்த பொருளுக்குத் தாத்தாவின் வாங்கிய விலையும் அவர் வைத்திருந்த காலமும் உங்களுக்குச் சேரும். அவர் 2001க்கு முன் வாங்கியவை என்பதால் 1.4.2001 அன்றைய சந்தை விலையையே அடக்க விலையாகக் காட்டலாம். பதிவு பெற்ற மதிப்பீட்டாளரிடம் எழுதி வாங்குங்கள், பிற்பாடு கேள்வி வந்தால் அந்தத் தாள்தான் பேசும். அது 10,000 என்று வைத்துக்கொண்டால் ஆதாயம் 1,00,000. இரண்டு வருடத்துக்கு மேல் இருந்ததால் 12.5 சதவீத வரி, அந்த வரியின் மேல் 4 சதவீத செஸ் என்ற கூடுதல் வரி, மொத்தம் 13,000.

கோத்தகிரி டீச்சர்:
12 லட்சம் வரை வரி இல்லை என்கிறார்களே அண்ணா?

குன்னூர் கணக்கர்:
அந்தத் தள்ளுபடி இந்த 12.5 சதவீத வரிக்குக் கிடையாது. நீங்கள் வாங்கி விற்ற 15,000 குறுகிய கால ஆதாயம், சம்பளத்தோடு சேரும். அதற்குத் தள்ளுபடி உண்டு, கட்ட வேண்டியதில்லை. 13,000ஐ மட்டும் மார்ச் 15க்குள் முன்வரியாக, அதாவது நிதியாண்டு முடியும் முன்பே, கட்டிவிடுங்கள். 10,000ஐத் தாண்டுவதால் தாமதித்தால் வட்டி ஏறும். இந்த முறை ஐடிஆர் 2 போட வேண்டும்.

லவ்டேல் சேகரிப்பாளர்:
ஒன்று சேர்த்துக்கொள்கிறேன் டீச்சர். மாதாமாதம் வாங்கி விற்கத் தொடங்கினால் அது வியாபார வருமானம், ஐடிஆர் 3. அப்போது பஸ் செலவு, கடை வாடகையெல்லாம் கழிக்கலாம். 100 வயது தாண்டிய நாணயம் சட்டப்படி தொல்பொருள். அதை வியாபாரமாகச் செய்யத் தொல்லியல் துறை உரிமம் வேண்டும், வெளிநாட்டுக்கு அனுப்பவே கூடாது. நல்ல விலை தருகிறேன் என்று வெளிநாட்டிலிருந்து யாராவது கேட்டால் ஆசைப்பட்டுவிடாதீர்கள். பழைய நோட்டுக்கு லட்சக்கணக்கில் தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்பவர்களைப் பற்றி ரிசர்வ் வங்கி 2021இலேயே எச்சரித்திருக்கிறது.

கோத்தகிரி டீச்சர்:
நன்றி அண்ணா. விற்ற ரசீதும் உயில் நகலும் இருக்கின்றன. நாணயங்களின் படமும் எடுத்து வைத்திருக்கிறேன். மதிப்பீட்டாளருக்கு அது போதுமா?

குன்னூர் கணக்கர்:
ஆண்டும் எடையும் தெரிகிற மாதிரி இருபுறப் படம் இருந்தால் பார்க்கலாம். ஒவ்வொன்றும் எந்த வருடத்தது, என்ன விலைக்குப் போனது என்று ஒரு பட்டியலும் எழுதிக்கொண்டு போங்கள்.