மலையேற்றத்துக்குக் காற்று மெத்தை வாங்கியவர்களின் அனுபவங்கள்

மலைநாடன், கோவை:

என் முதல் காற்று மெத்தையை நான் தேர்ந்தெடுத்தது வீட்டுக் கூடத்தின் டைல்ஸ் தரையில் படுத்துப் பார்த்துத்தான். 9 சென்டிமீட்டர் உயரமும் அரைக் கிலோவுக்குக் குறைவான எடையும் கொண்டிருந்த அது, சுருட்டினால் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் அளவுக்கு அடங்கியது. அதன்மேல் ஒரு மதிய உறக்கம் போட்டு எழுந்தவுடன் இனி வேறெதுவும் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். அதைச் சுமந்துகொண்டு ஒரு டிசம்பரில் உத்தராகண்டின் கேதார்காந்தா மலைக்குப் போனேன். சாங்க்ரி கிராமத்திலிருந்து ஏறத் தொடங்கி, இரண்டாம் இரவு ஏறத்தாழ 3,400 மீட்டர் உயரத்தில், பனிமேல் போட்ட கூடாரத்தில் படுத்தபோதுதான், அந்த மெத்தைக்குள் காற்றைத் தவிர வேறொன்றும் இல்லை என்பதன் பொருள் எனக்கு விளங்கியது.

குளிர் மேலிருந்து வரவில்லை. முகமும் மார்பும் கதகதப்பாகவே இருந்தன. ஆனால் எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாலும் தரையைப் பார்த்த பக்கம் சற்று நேரத்தில் விறைத்தது. தூக்கப்பையைத்தான் முதலில் குறை சொன்னேன். நள்ளிரவுக்குப் பிறகு நான் எழுந்து நடமாடும் சத்தம் கேட்டு வந்த வழிகாட்டி, அந்த மலைப்பகுதியைச் சேர்ந்த ஓர் இளைஞர், ஒன்றும் பேசாமல் சமையல் கூடாரத்துக்குப் போய், அரிசி மூட்டைக்கு அடியில் விரித்திருந்த நீல நிற ஃபோம் விரிப்பை உருவிக்கொண்டு வந்து என் மெத்தைக்குக் கீழே போட்டார். ஒரு விரல் பருமன்கூட இல்லாத அந்த விரிப்புதான் அன்று என்னை உறங்க வைத்தது.

ஊருக்குத் திரும்பிய பிறகே காரணத்தைப் படித்துத் தெரிந்துகொண்டேன். தூக்கப்பையில் நம் முதுகுக்குக் கீழே இருக்கும் இறகோ பஞ்சோ உடல் எடையால் நசுங்கிவிடுவதால், அந்தப் பக்கம் அது ஏறக்குறைய வெறும் துணியாகிவிடுகிறது. ஆகவே தரைக்கும் உடலுக்கும் நடுவே வெப்பத்தைத் தடுக்கும் வேலை முழுவதும் மெத்தையின் தலையில் விழுகிறது. அசையாத காற்று நல்ல வெப்பத் தடைதான். ஆனால் பெரிய குழாய் போன்ற அறைகளில் அடைபட்ட காற்று அசையாமல் இருப்பதில்லை, நாம் புரளும்போதெல்லாம் இடம் மாறி, உடலின் சூட்டைத் தரைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. இதைத் தடுக்கத்தான் விலை கூடிய மெத்தைகளில் உள்ளே செயற்கைப் பஞ்சையோ, வெப்பத்தைத் திருப்பி அனுப்பும் பளபளப்பான படலத்தையோ வைக்கிறார்கள்.

இந்தத் தடுப்பாற்றலுக்கான அளவுதான் ஆர் மதிப்பு. முன்பெல்லாம் ஒவ்வொரு நிறுவனமும் தன் முறையில் அளந்து தனக்குப் பிடித்த எண்ணைப் போட்டுக்கொண்டிருந்தது. 2018இல் ஏஎஸ்டிஎம் எஃப்3340 என்ற பொதுவான சோதனை முறை வந்தது. காற்றடித்த மெத்தையைக் குளிர்ந்த தகட்டுக்கும் சூடான தகட்டுக்கும் இடையில் வைத்து, மேல் தகட்டின் சூடு குறையாமலிருக்க எவ்வளவு ஆற்றல் தேவைப்படுகிறது என்று அதில் அளக்கிறார்கள். இந்த முறையின் பெயரைக் குறிப்பிடாத ஆர் மதிப்பை நான் இப்போது ஒரு பொருட்டாகக் கொள்வதில்லை. கோடைக்கு 2 வரை போதும். இரவு பூஜ்ஜியத்தை நெருங்கும் இடத்துக்கு 4 வேண்டும். பனிமேல் படுப்பதென்றால் 5க்கு மேல். ஒன்றன்மேல் ஒன்றாக விரித்தால் இரண்டின் மதிப்பும் கூடிக்கொள்ளும் என்பது, அந்த இளைஞர் படிக்காமலே அறிந்திருந்த கணக்கு.

ஏரிக்கரை, டொரன்டோ:

மலைநாடன் அவர்களே, எங்கள் பக்கம் ஒன்டாரியோவின் அல்கொன்குவின் பூங்காவில் படகையே தோளில் சுமந்து ஓர் ஏரியிலிருந்து மற்றோர் ஏரிக்கு நடக்க வேண்டியிருப்பதால், எடைதான் முதல் கவலை. அக்டோபர் தொடக்கத்தில், மேப்பிள் இலைகள் சிவந்திருக்கும் நாட்களில், இரவில் தண்ணீர் உறையும் அளவுக்குக் குளிரும். அதற்காக நான் தெர்மரெஸ்ட் நிறுவனத்தின் நியோஏர் எக்ஸ்லைட் என்எக்ஸ்டி என்ற மெத்தையை வாங்கினேன். ஆர் மதிப்பு 4.5, எடை 370 கிராம் அளவு, உயரம் 7.6 சென்டிமீட்டர். குளிர் விஷயத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை. நான் தவறு செய்தது அகலத்தில்.

கடையில் மல்லாந்து படுத்துப் பார்த்தேன். வீட்டில் நான் ஒருநாளும் மல்லாந்து உறங்கியதில்லை. ஒருக்களித்து முழங்காலை மடக்கிப் படுப்பவருக்கு 51 சென்டிமீட்டர் அகலம் ஒரு வாய்க்கால் வரப்பில் படுப்பது போன்றது. முழங்கால் வெளியே போகும், அதை உள்ளே இழுத்தால் முதுகு வெளியே போகும். அடுத்த ஆண்டே 64 சென்டிமீட்டர் அகலமானதை வாங்கி, கூடுதல் எடையைப் பொறுத்துக்கொண்டேன். ஒருக்களித்துப் படுப்பவர்களுக்கு உயரமும் முக்கியம். இடுப்பின் எடை ஓரிடத்தில் இறங்குவதால், மெல்லிய மெத்தையில் எலும்பு தரையைத் தொட்டுவிடும். உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால், ஒருக்களித்துக் கிடக்கும்போது மற்றொருவரை இடுப்புக்குக் கீழே கையை நுழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று சத்தம். உள்ளே படலம் வைத்த மெத்தைகள், குறிப்பாகப் பழையவை, உருளைக்கிழங்கு வறுவல் பொட்டலத்தின்மேல் படுத்ததுபோல் சரசரக்கும். எனக்கு அது பழகிவிட்டது. பக்கத்தில் படுத்த தங்கை மூன்றாம் இரவு தன் மெத்தையைத் தூக்கிக்கொண்டு அடுத்த கூடாரத்துக்குப் போய்விட்டாள்.

நெருஞ்சி, வேலூர்:

என் கதை ஓட்டையைப் பற்றியது. டிசம்பர் நடுவில் ஜெமினிட் எரிகற்களைப் பார்ப்பதற்காக, காவலூர் வானாய்வகம் இருக்கும் ஜவ்வாது மலைப் பக்கம் ஒரு நண்பரின் நிலத்தில் படுத்திருந்தோம். கூடாரம் இல்லை, கீழே தார்ப்பாயும் இல்லை. வெறும் மண்ணில் மெத்தையை விரித்தேன். என் புனைபெயருக்குக் காரணமான முள் தன் வேலையைச் செய்தது. மெத்தை உடனே அடங்கிவிடவில்லை. இரண்டு மணிக்கொருமுறை எழுந்து ஊதும் அளவுக்கு, மெல்ல மெல்லக் காற்றுப் போனது.

விடிந்ததும் சைக்கிள் கடைக்காரர் டியூபை அமுக்கிப் பார்ப்பதுபோல, வால்வை இறுக மூடி, கிணற்றடித் தொட்டியில் பகுதி பகுதியாக அமுக்கிக் குமிழியைக் கண்டுபிடித்தோம். அதுவரை சரி. அதன்பின் சைக்கிள் கடையின் சொல்யூஷனையும் பேட்சையும் ஒட்டியது என் அறியாமை. அது ரப்பருக்கானது, பாலியூரித்தேன் பூசிய நைலான் துணியில் பிடித்து நிற்கவில்லை. மெத்தையோடு வந்த ஒட்டுத்துண்டை அலமாரியில் பத்திரமாக வைத்துவிட்டு வந்திருந்தேன். ஓட்டையைச் சுற்றி ஸ்பிரிட்டால் துடைத்துக் காயவிட்டு அதை ஒட்டிய பிறகு இன்றுவரை கசிவில்லை.

ஒரு வார்த்தை: இரவில் மெத்தை தளர்ந்தாலே ஓட்டை என்று பதற வேண்டாம். மாலை வெயிலில் விம்ம ஊதிய காற்று நள்ளிரவுக் குளிரில் சுருங்கும். படுக்கப் போகுமுன் இரண்டு மூச்சு சேர்த்து ஊதினால் சரியாகிவிடும். காலையிலும் தளர்ந்தே கிடந்தால் அப்போது தொட்டியைத் தேடலாம்.

மலைநாடன், கோவை:

ஊதுவதைப் பற்றி நெருஞ்சி சொன்னதும் நினைவுக்கு வந்தது. உயரமான இடத்தில் வாயால் ஊதி முடிப்பதற்குள் தலை சுற்றும். அத்துடன் மூச்சின் ஈரமும் உள்ளே தங்கிவிடும். காற்றைப் பிடித்து உள்ளே தள்ளும் பை ஒன்றைச் சில நிறுவனங்கள் மெத்தையுடனே கொடுக்கின்றன. அது இல்லாத மெத்தையை இனி நான் வாங்கமாட்டேன்.

தாமாகவே காற்றை இழுத்துக்கொள்ளும் மெத்தைகளைப் பற்றித் தனிமடலில் கேட்டவர்களுக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 1970களின் தொடக்கத்தில், போயிங் நிறுவனத்தில் வேலை இழந்த பொறியாளர்கள் சியாட்டிலில் உருவாக்கிய பொருள் அது. அவர்களில் ஒருவர் தோட்ட வேலையின்போது மண்டியிட்டிருந்த ஃபோம் திண்டிலிருந்து காற்று பிதுங்கி வெளியேறுவதைக் கவனித்ததிலிருந்து அந்த யோசனை பிறந்ததாகச் சொல்வார்கள். உள்ளே ஃபோம் இருப்பதால் ஓட்டை விழுந்தாலும் முற்றிலும் தரையாகிவிடாது. ஆனால் எடையும் பருமனும் கூடுதல். கார் போகும் இடத்துக்கு என் தந்தைக்காக ஒன்று வைத்திருக்கிறேன். சுருட்டி வைத்தால் ஃபோம் நசுங்கிப் பிறகு எழும்பாது என்பதால், வால்வைத் திறந்து கட்டிலுக்கடியில் விரித்தே போட்டிருக்கிறேன்.

மறுபடி பனிக்குப் போனபோது, வெப்பத் தடுப்புள்ள மெத்தையுடன் ஒரு ஃபோம் விரிப்பையும் பைக்கு வெளியே கட்டிக்கொண்டேன். திரும்பும் வழியில் ரயில் ஐந்து மணி நேரம் தாமதம். டேராடூன் நிலைய நடைமேடையில் நானும் உடன்வந்த இருவரும் அந்த விரிப்பில்தான் உட்கார்ந்து, மாறி மாறிப் படுத்து, இரவைக் கழித்தோம். விலை உயர்ந்த மெத்தை பைக்குள் பத்திரமாக இருந்தது.