அரபு பேச்சுத் தேர்வில் கலப்பு வழக்குக்கு மதிப்பெண் இடுவது எப்படி?

ரியாத் செல்லவிருக்கும் 14 செவிலியர்களுக்குச் சென்னையில் ஆறு மாதமாக அரபு கற்பிக்கிறேன். பேச்சுத் தேர்வுக்கு மதிப்பெண் இடுவதில் சிக்கல் ஏற்பட்டுள்ளது. "என்ன வேண்டும்?" எனக் கேட்க, எழுத்து வழக்கில் "மாதா துரீத்" என்பவர்களும், ரியாத் அமைந்துள்ள நஜ்த் பகுதியின் வட்டார வழக்கில் "வெஷ் தபீ" என்பவர்களும், இரண்டையும் கலப்பவர்களும் வகுப்பில் உள்ளனர்.

வீச்சு (சொல், வாக்கிய வளம்), பிழையின்மை, சரளம், உரையாடல், கோர்வை ஆகிய ஐந்தையும் அளக்கும் மொழித்திறனுக்கான 2001ஆம் ஆண்டு ஐரோப்பியப் பொதுச் சட்டகத்தின் (CEFR) அட்டவணையைக் கொண்டு, 20 நிமிட நேர்காணல்களின் ஒலிப்பதிவை இரண்டு ஆசிரியர்கள் தனித்தனியே மதிப்பிட்டோம். பிழையின்மையில் மட்டும் ஒவ்வொரு முறையும் முரண்பட்டோம். அரபு மக்களே சூழலுக்கேற்ப இரு வழக்குகளையும் கலந்து பேசுவதால், கலப்பைக் குறையாகக் கருத எனக்கு மனமில்லை. நோயாளியின் படுக்கையருகே முதலில் உதவுவதும் வட்டார வழக்குதான்.

தேர்வு அடுத்த மாதம். இயல்பான கலப்பையும் உண்மையான பிழையையும் பிரித்தறியும் மதிப்பீட்டு அளவுகோலை உங்களில் யாரேனும் வகுப்பில் பயன்படுத்தியிருக்கிறீர்களா?