மறு: ஆஸ்ட்ரசிசத்துக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம்.

மூன்று நாளாக இந்த இழையைப் படித்துவருகிறேன். பழைய கிரேக்க நகரமான ஏதென்ஸ் பற்றிய ஒரு பாடக்கட்டுரை என் மேசையில் பாதியில் நிற்கிறது. ஒருவரை வாக்குப் போட்டு ஊரை விட்டு விலக்கும் அவர்களுடைய வழக்கம்தான் ஆஸ்ட்ரசிசம். அதற்குத் தமிழ்ச் சொல் முடிவாகாமல் அடுத்த பத்திக்குப் போக முடியவில்லை. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

> ‘நாடு கடத்தல்’ என்றே போட்டுவிடலாமே. எல்லோருக்கும் புரியும்.

புரியும், ஆனால் தப்பாகப் புரியும் ஐயா. நாடு கடத்துவது தண்டனை. அதற்குக் குற்றச்சாட்டு வேண்டும், விசாரணை வேண்டும். ஏதென்ஸில் இரண்டுமே இல்லை. இந்த ஆண்டு ஒருவரை விலக்க வேண்டுமா என்று மக்கள் பேரவையில் ஆண்டுக்கு ஒரு முறை கேட்பார்கள். வேண்டும் என்று முடிவானால், சில வாரம் கழித்து அகோரா என்ற சந்தைத் திடலில் கூடுவார்கள். ஒவ்வொருவரும் ஒரு உடைந்த பானைத்துண்டில் ஒரு பெயரைக் கீறி, எழுதிய பக்கம் தெரியாதபடி கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு வந்து போடுவார்கள். மொத்தம் 6,000 துண்டுகளாவது சேர வேண்டும் என்கிறார் பழைய கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க். அதிகம் பேர் எழுதிய பெயருக்கு உரியவர் 10 நாளில் ஊரை விட்டுக் கிளம்ப வேண்டும், 10 ஆண்டு திரும்பக் கூடாது. அவருடைய வீடும் நிலமும் அவருக்கே. குடியுரிமையும் போகாது.

‘ஊர்விலக்கம்’ என்று எழுதிய அக்காவுக்கும் இதையே சொல்வேன். நம் ஊர்களில் ஒருவரை ஊர்விலக்கம் செய்தால் அந்தக் குடும்பத்துக்கே தண்ணீர் இல்லை, கடையில் சாமான் இல்லை, சாவுக்கு ஆள் வராது. அந்தச் சொல்லில் அவ்வளவு வலி ஏறியிருக்கிறது. ஏதென்ஸ்காரர்களோ கி.மு. 482இல் அரிஸ்டைடீஸ் என்ற தலைவரை விலக்கினார்கள், இரண்டே ஆண்டில் பாரசீகப் படை வந்தபோது திரும்ப அழைத்துக்கொண்டார்கள். கி.மு. 479இல் பிளாட்டியா போரில் ஏதெனியப் படைக்குத் தலைமை தாங்கியவர் அவர்தான். இன்றைய ஆங்கிலத்தில் ஒருவரைச் சேர்க்காமல் ஒதுக்குவதற்கும் இதே சொல் வருகிறது. அந்தப் பொருளுக்கு ‘ஒதுக்கிவைத்தல்’ நம்மிடம் இருக்கிறது, அது போதும்.

ஆக, விலக்கியதைவிட எதை வைத்து விலக்கினார்கள் என்பதுதான் இந்தப் பெயரில் நிற்கிறது. கிரேக்கத்தில் ஒஸ்த்ராக்கோன் என்றால் பானைத்துண்டு, ஆஸ்ட்ரசிசம் அதிலிருந்து வந்த பெயர். எழுத எகிப்திலிருந்து வரும் பாப்பிரஸ் தாள் விலை அதிகம், பானைத்துண்டு எந்தத் தெருவிலும் கிடக்கும். தமிழ்ச் சொல்லிலும் அந்தத் துண்டு இருந்தே ஆக வேண்டும் என்பது என் கட்சி.

முதலில் என் மனம் போனது ‘ஓடு’ பக்கம்தான். ஒஸ்த்ராக்கோன் பானைத்துண்டை மட்டும் குறிக்கவில்லை. நத்தை ஓடு, ஆமை ஓடு, முட்டை ஓடு எல்லாவற்றுக்கும் கிரேக்கர் அதையே சொன்னார்கள். நம் ‘ஓடு’ அப்படியே அதே வட்டத்தில் நிற்கிறது! இரண்டு மொழிகள் இவ்வளவு பொருந்துவதைப் பார்த்தபோது அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆனால் சொல்லாக்கிப் பார்த்தால் சிக்கல். ஓடு என்பது இன்னொரு சொல்லோடு சேரும்போது ஓட்டு ஆகிவிடும், ஓட்டு வீடு என்பது போல. ‘ஓட்டுவிலக்கம்’ என்று எழுதினால் எந்த மாணவரும் தேர்தல் ஓட்டு என்றுதான் படிப்பார். அவர் ஊகிக்கும் பொருள் ஓரளவு பக்கத்தில் வந்துவிடும் என்பது இன்னும் மோசம், ஏனென்றால் பானை அப்போது காணாமலே போய்விடும். சரி, பின்னால் வைக்கலாம் என்று ‘எழுத்தோடு’, ‘பெயரோடு’ என்று எழுதிப் பார்த்தேன். அது மூன்றாம் வேற்றுமையாகிவிட்டது. வருத்தத்தோடுதான் ஓட்டைக் கைவிட்டேன்.

> சோழர் காலக் குடவோலை இருக்கிறதே. அதை ஒட்டி ஒன்று ஆக்கலாமே.

உத்திரமேரூர்க் கல்வெட்டுகளை நானும் நேரில் போய்ப் பார்த்திருக்கிறேன். 919, 921இல் பராந்தகன் காலத்தில் வெட்டியவை. ஆனால் அங்கே நடந்தது ஆளைத் தேர்ந்தெடுப்பது, அதுவும் குலுக்கல் முறையில்: பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு ஒரு சிறுவனை எடுக்கச் சொன்னார்கள். ஏதென்ஸிலும் ஐந்நூற்றுவர் மன்றத்துக்குக் குலுக்கல்தான். குடவோலையை அதற்கு ஒப்பிட்டால் அழகாகப் பொருந்தும், இங்கே பொருந்தாது.

என் முன்மொழிவு ‘சில்லு’. சின்ன வயதில் பாண்டி ஆட நாமே உடைத்துத் தேய்த்து வைத்துக்கொண்ட அதே ஓட்டாஞ்சில்லு. ஏதென்ஸின் கோட்டைக் குன்றான அக்ரோபோலிஸின் வடசரிவில் ஒரு பழைய கிணற்றிலிருந்து 190 சில்லுகள் எடுத்தார்கள். பெரும்பாலும் மது அருந்தும் கிண்ணங்களின் அடிப்பாகம். வட்டமாக, உள்ளங்கையில் அடங்கும் அளவு. எல்லாவற்றிலும் ஒரே பெயர், அரசியல் தலைவர் தெமிஸ்டாக்ளீஸ். கையெழுத்தைப் பிரித்துப் பார்த்தால் 14 பேர் எழுதியவை என்று தெரிந்தது. அவருடைய எதிராளிகள் முன்கூட்டியே எழுதி அடுக்கிவைத்திருக்கிறார்கள்! ஏதென்ஸிலேயே கேரமெய்க்கோஸ் பகுதியில் கிடைத்தவை மட்டும் பல ஆயிரம். ஒன்றில் “மில்டியாடீஸ் மகன் கிமோனே, எல்பினிக்கேயைக் கூட்டிக்கொண்டு போ” என்று இருக்கிறது. கிமோன் ஏதென்ஸின் தளபதி, எல்பினிக்கே அவருடைய சகோதரி. 2,400 ஆண்டுக்கு முந்தைய ஊர்ப்பேச்சு அப்படியே கையில் கிடைக்கிறது. இந்தச் சில்லை மறைத்துவிடும் எந்தச் சொல்லையும் என்னால் ஏற்க முடியவில்லை.

> சில்லு என்பதைக் கணினிக்குக் கொடுத்துவிட்டோமே?

கொடுத்திருக்கிறோம், ஆனால் கணினிச் சில்லும் ஏதென்ஸும் ஒரே பக்கத்தில் வருவது அரிது. இன்னொரு லாபமும் உண்டு. எகிப்தில் தேர் எல்-மதீனா என்ற ஊரின் பழங்காலக் கைவினைஞர்கள் கணக்கும் கடிதமும் எழுதிய துண்டுகளையும் ஒஸ்த்ராக்கா (ஒஸ்த்ராக்கோனின் பன்மை) என்றே சொல்கிறோம், அவற்றில் நிறைய சுண்ணாம்புக்கல் செதில்கள். அவற்றை ஓடு என்று சொல்ல முடியாது, கற்சில்லு என்று தாராளமாகச் சொல்லலாம்.

பின்பாதிக்கு ‘விலக்கு’ வேண்டாம். மதுவிலக்கு என்றால் மதுவைத் தடுப்பது, அந்த வழியில் சில்லுவிலக்கு என்றால் சில்லைத் தடுப்பது என்றாகிவிடும். ‘விலக்கம்’ என்றால் அந்தக் குழப்பம் குறைகிறது.

ஆகவே:
ஒஸ்த்ராக்கோன் – சில்லேடு (சில்லையே ஏடாகக் கொண்டது)
ஆஸ்ட்ரசிசம் – சில்லுவிலக்கம்

சிசிலித் தீவின் சிராக்கூஸில் கி.மு. 5ஆம் நூற்றாண்டின் நடுவில் இதே முறையைக் கொஞ்ச காலம் வைத்திருந்தார்கள். அங்கே சில்லுக்குப் பதில் ஒலிவ இலை, 10 ஆண்டுக்குப் பதில் 5. அதன் பெயர் பெட்டலிஸ்மோஸ், இலையை வைத்து வந்தது. நமக்கு ‘இலைவிலக்கம்’ தானாகவே கிடைத்துவிடுகிறது. ‘நாடு கடத்தல்’ என்று போட்டிருந்தால் இந்த இரண்டையும் எப்படிப் பிரித்துக் காட்டியிருப்போம்?

வினையாக எழுதும்போது மட்டும் எனக்கு இன்னும் திருப்தி இல்லை. ‘கி.மு. 461இல் கிமோனைச் சில்லுவிலக்கம் செய்தனர்’ என்பதா, ‘சில்லிட்டு விலக்கினர்’ என்பதா? இரண்டாவது காதுக்கு நன்றாக இருக்கிறது, ஆனால் சில்லிட்டு என்றதும் குளிர் ஞாபகம் வருகிறது. இலக்கணம் தெரிந்தவர்கள் இந்த ஒன்றுக்கு மட்டும் வழி சொன்னால் கட்டுரையை அனுப்பிவிடுவேன்.

அன்புடன்