கிராப் மார்க்குக்கு "நறுக்குக்குறி" சரியா வருமா?

வணக்கம் நண்பர்களே,

ஸ்கிரைபஸ்னு பக்கம் வடிவமைக்கற மென்பொருளோட மெனுவைத் தமிழாக்கறதுல, கிராப் மார்க்குக்கு (அச்சடிச்ச தாளை எங்க வெட்டணும்னு மூலையில காட்டுற சின்னக் கோடு) இதுவரை வந்த சொற்களை எல்லாம் பார்த்தேன். கிராப்னா பயிர்னு நினைச்சு "பயிர்க்குறி"ன்னு மொழிபெயர்ப்பு மெஷின் துப்பினதை விட்டுருவோம், அதை வயல்லதான் நடணும். "அச்சுக்குறி" ரொம்ப அகலம், ஏன்னா தாளோட ஓரத்துல ரிஜிஸ்டர் மார்க்கும் இருக்கும், மை சரியா விழுதான்னு பாக்கற கலர் பாரும் இருக்கும், அதுவும் அச்சுக்குறிதானே. "வெட்டுக்குறி" கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா வெட்டு-ஒட்டுன்னு கட் பேஸ்ட்டுக்கு அதை எப்பவோ எழுதிக் குடுத்தாச்சு. ஒரு மெனுவுல "வெட்டு"ன்னா எழுத்து காணாமப் போகும், இன்னொரு மெனுவுல "வெட்டு"ன்னா மூலையில கோடு வரும்னா புதுசா வர்றவங்க பாவம்.

"செதுக்கு"ன்னு சொன்ன நண்பருக்குத்தான் கொஞ்சம் நீளமா பதில் சொல்லணும். போட்டோவை கிராப் பண்றதுக்கு செதுக்குறதுன்னு சொல்றது சரி, அதே கிராப்னு இங்கயும் இருக்கறதால அதையே போட்டுடலாம்னு தோணும், ஆனா பிடிஎஃப் உள்ள போய்ப் பாத்தா கதை வேற. ஒவ்வொரு பக்கத்துக்கும் மீடியா பாக்ஸ், கிராப் பாக்ஸ், பிளீட் பாக்ஸ், ட்ரிம் பாக்ஸ், ஆர்ட் பாக்ஸ்னு அஞ்சு பெட்டி வச்சிருக்காங்க. இதுல கிராப் பாக்ஸ் திரையில எவ்வளவு தெரியணும்னு சொல்றது, அவ்வளவுதான். கிராப் மார்க் காட்டுறது ட்ரிம் பாக்ஸோட மூலையை, அதாவது புத்தகம் கடைசியா கைக்கு வர்ற அளவை. ஆங்கிலத்துலயே பேர் இடிச்சுக்குது, அந்தக் குழப்பத்தை நாமளும் எதுக்கு தலைல தூக்கி வைக்கணும்?

அதனால நான் சொல்றது, ட்ரிம்முக்கு "நறுக்கு", கிராப் மார்க்குக்கு "நறுக்குக்குறி". ஓலை நறுக்குன்னு நம்மகிட்ட ஏற்கனவே இருக்கற சொல்தான். ஒற்று வேணுமான்னு சண்டை வரும்கறதால முன்னாடியே சொல்லிடறேன், நறுக்கு வன்தொடர்க் குற்றியலுகரம், ஒற்று மிகும். பிரஸ்ல "கட்டிங் மார்க் போட்டு அனுப்புங்க சார்"னுதான் சொல்வாங்க, சொல்லட்டும், நாம எழுதுறது ஸ்கிரைபஸ் மெனுவுக்கு.

ரிஜிஸ்டர் மார்க்குக்கு "பொருத்துக்குறி" போதும்னு நினைக்கிறேன், நாலு கலர் பிளேட்டும் ஒண்ணு மேல ஒண்ணு பொருந்துதான்னு பாக்கறதுக்குத்தானே அது.

பிளீடுதான் (வெட்டுற ஓரத்தைத் தாண்டி நிறத்தைக் கொஞ்சம் நீட்டி விடறது) இழுக்குது. "கசிவு" வேண்டாம், அதைக் கேட்டா பிரஸ்காரர் மை ஒழுகுதுன்னு மிஷினை நிறுத்திருவார். ஏ4 பக்கம் 210க்கு 297 மி.மீ., ஓரம் வரைக்கும் கலர் போற டிசைன்னா நாலு பக்கமும் 3 மி.மீ. சேர்த்து 216க்கு 303னு வைக்கணும், கத்தி ஒரு முடி அளவு விலகினாலும் வெள்ளைக் கோடு தெரியக் கூடாதுங்கறதுக்காக. நான் போன வருஷம் எங்க சங்க மலருக்கு அட்டை பண்ணப்போ 3 மி.மீ. ஒழுங்கா விட்டேன், ஆனா இன்டிசைன் மென்பொருள்ல குறியோட ஆஃப்செட் (வெட்டுற ஓரத்துலருந்து குறி தள்ளி நிக்கற தூரம்) தானா 2.1 மி.மீ. சொச்சம்னு இருந்ததை மாத்தலை, அதனால குறியோட நுனி பிளீடுக்குள்ளயே வந்து விழுந்துருச்சு. கத்தி கொஞ்சம் வெளிய போன காப்பியில எல்லாம் மூலையில ஒரு கருப்பு முடி ஒட்டிட்டு இருந்தது, தப்பு முழுக்க என்னோடது. அதனால விளக்கக் குறிப்புல "நறுக்குக்குறி, பிளீடை விட அதிகமா தள்ளி நிக்கணும்"னு ஒரு வரி கண்டிப்பா சேர்க்கணும்.

பேருக்கு வர்றேன். "ஓரமிகை"ன்னு ஒண்ணு வச்சிருக்கேன், "வழிவு"ன்னு ஒண்ணு, நிறம் ஓரத்தைத் தாண்டி வழியுதுங்கற அர்த்தத்துல. ரெண்டும் மனசுக்கு முழுசா ஒட்டலை. டெய்லர் கடையில "உள்ள கொஞ்சம் துணி விட்டுத் தைங்க, பையன் வளருவான்"னு சொல்வோமே, அந்த விடுற துணிக்கு உங்க ஊர்ல தனியா ஏதாவது பேர் இருக்கா? இருந்தா அதையே எடுத்துக்கலாம்.