ஒரே ஆள் இணையத்தை உடைத்தான் என்று இன்னும் எத்தனை வருடம் சொல்வீர்கள்?

செமிகோலன் சித்தர்:
பக்கத்து இழையில் டெட்லைன் தாசன் எழுதியதைப் படித்துவிட்டுப் பொறுக்க முடியாமல் இதைத் தொடங்குகிறேன். அடுத்தவர் இறக்கிப் பயன்படுத்தட்டும் என்று இலவசமாகப் போடும் நிரல் துண்டுகளை, அதாவது பேக்கேஜ்களைப் பற்றி அவர் சொன்னது: “பேக்கேஜை வெளியிட்டவன்தான் அதற்குப் பொறுப்பு. இல்லையென்றால் லெஃப்ட்-பேட் பேக்கேஜில் நடந்த மாதிரி ஒரு ஆள் கோபத்தில் 11 வரியைத் தூக்கினால் இணையமே படுத்துவிடும்.”

கதையைச் சொன்னால் முழுசாகச் சொல்லுங்கள். 2016 மார்ச்சில் கிக் என்ற நிறுவனம் தன் பெயரில் இருந்த பேக்கேஜைக் கேட்டது. அதை வைத்திருந்த அஸெர் கோச்சுலு தர மறுத்தார். அவர் மறுத்தும், ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ்களின் பொதுக் கிடங்கான என்பிஎம் அந்தப் பெயரை எடுத்து நிறுவனத்திடம் கொடுத்தது. உடனே அவர் தன் பேக்கேஜ்கள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போனார். அதில் ஒன்றுதான் லெஃப்ட்-பேட், ஒரு சொல்லோ எண்ணோ குறித்த நீளத்துக்கு வரும்வரை இடப்பக்கம் இடைவெளியோ பூஜ்யமோ நிரப்பும் சின்ன நிரல். அதை நம்பியிருந்த பேபல் என்ற பிரபலக் கருவி உட்பட எத்தனையோ ப்ராஜெக்ட்டுகளின் பில்டு, அதாவது நிரலைத் தொகுத்து உருவாக்கும் வேலை, விழுந்தது. தன் பொருளைத் தானே எடுத்தவர் வில்லன். கையில் ஒரு பிரதிகூட வைத்துக்கொள்ளாமல் ஒவ்வொரு பில்டுக்கும் ஓசியில் இறக்கியவர்கள் அப்பாவிகள். நல்ல நியாயம்.

பழைய பெருச்சாளி:
11 வரி என்பது தவறு. காலி வரிகளை விட்டுவிட்டு எண்ணினால்தான் 11. கோப்பைத் திறந்து பார்க்காமலே எல்லாரும் இதைச் சொல்கிறார்கள்.

டெட்லைன் தாசன்:
என்னை மேற்கோள் காட்டித் தனி இழையே திறந்துவிட்டீர்களா, மகிழ்ச்சி. வெள்ளிக்கிழமை மாலை பில்டு சிவப்பானால் மேனேஜர் முன்னால் நிற்பது நான், நீங்கள் இல்லை. ‘எந்த உத்தரவாதமும் கிடையாது’ என்று எம்ஐடி என்ற திறமூல உரிமத்தில் போட்டிருக்கிறது சார் என்று அவரிடம் படித்துக் காட்டவா?

சரி, லெஃப்ட்-பேடுக்குக் கிக் காரணம் என்றே வைத்துக்கொள்வோம். 2022 ஜனவரியில் டெர்மினல் எழுத்துக்கு வண்ணம் தரும் கலர்ஸ் பேக்கேஜுக்குள் அதை எழுதியவரே முடிவில்லாத லூப் ஒன்றைப் போட்டு வெளியிட்டாரே, அதற்கு யார் காரணம்? அவரிடமிருந்து பெயரை யாராவது பிடுங்கினார்களா?

கன்சோல் கண்மணி:
அதற்குக் காரணம், பதிப்பு எண்ணுக்கு முன்னால் கூரைக் குறி (^) போட்டு ‘முதன்மை எண் மாறாதவரை புதுசாக எது வந்தாலும் இறக்கு’ என்று எழுதி வைத்த நீங்கள். எந்தப் பதிப்பு என்று பூட்டி வைக்கும் லாக் ஃபைலை கமிட் செய்து, சர்வரில் இன்ஸ்டாலுக்குப் பதிலாக அதை அப்படியே பின்பற்றும் ‘என்பிஎம் சிஐ’ ஓட்டியவர்கள் அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினார்கள். லாக் ஃபைலை, ‘இதைச் சேர்க்காதே’ என்ற பட்டியலான கிட்இக்னோரில் போடும் குழுக்களை நான் பார்த்திருக்கிறேன். கேட்டால் ‘மெர்ஜ் கான்ஃப்ளிக்ட் வருது’ என்பார்கள்.

பழைய பெருச்சாளி:
இன்னொன்றும் சொல்கிறேன். அந்த 11-இல் மூடும் அடைப்புக்குறி மட்டுமே உள்ள வரிகள் இரண்டு. அவை வரி என்றால் காலி வரியும் வரிதான். அவை வரி இல்லை என்றால் 9. எப்படிப் பார்த்தாலும் 11 நிற்காது.

செமிகோலன் சித்தர்:
பெருச்சாளி அண்ணா, 9 ஆனாலும் 90 ஆனாலும் என் வாதம் மாறாது.

பழைய பெருச்சாளி:
மாறும் தம்பி. 9 வரி என்றால் அதைச் சொந்தமாக எழுதாதது வெட்கக்கேடு. 90 என்றால் அது நியாயமான சார்பு. எண்ணிக்கைதான் இங்கே மொத்த வாதமும். நான் ஜேக்வெரி காலத்திலிருந்து எழுதுகிறேன், இந்த மாதிரிச் சில்லறை வேலைக்கு ஒருநாளும் பேக்கேஜ் தேடிப் போனதில்லை.

கன்சோல் கண்மணி:
உங்கள் 9 வரியில் ஒன்றை மட்டும் பாருங்கள். நிரப்பும் எழுத்து வரவில்லை என்றால் இடைவெளி வை, ஆனால் வந்தது பூஜ்யம் என்றால் அதை மதி. அந்த ‘ஆனால்’ இல்லாவிட்டால் 00042 என்று வர வேண்டிய பில் எண் மூன்று இடைவெளியோடு வந்து நிற்கும், ஏனென்றால் ஜாவாஸ்கிரிப்ட்டுக்குப் பூஜ்யமும் பொய்தான். சொந்தமாக எழுதுகிறேன் என்று கிளம்புகிறவர்களில் பாதிப் பேர் வழுக்கி விழும் இடம் அது. ஜாவாஸ்கிரிப்ட்டின் 2017 தரத்தில் இதே வேலையைச் செய்யும் பேட்ஸ்டார்ட் மொழிக்குள்ளேயே வந்துவிட்டது, இப்போது யாருக்கும் இந்த வீராப்பு தேவையில்லை.

பழைய பெருச்சாளி:
பூஜ்யத்தை நான் மறந்ததே இல்லை. அப்புறம், 2016-இல் பேட்ஸ்டார்ட் கிடையாது, ஆனால் ஒரு எழுத்தைத் திரும்பத் திரும்பப் போடும் ரிப்பீட் இருந்தது. லூப்பே தேவையில்லை, ஒரே வரி. ஆக 9-உம் இல்லை, 1.

டெட்லைன் தாசன்:
இவரை யாராவது நிறுத்துங்களேன். நான் கேட்டது பொறுப்பைப் பற்றி. வாரத்துக்கு லட்சக்கணக்கான பேர் இறக்கும் பொருளை வைத்துக்கொண்டு பயனர் எழுப்பும் இஷ்யூவுக்கு மாதக்கணக்கில் பதில் சொல்லாமல் இருப்பது என்ன பண்பு? முடியவில்லை என்றால் முடிகிறவரிடம் கொடுத்துவிட்டுப் போகலாமே.

செமிகோலன் சித்தர்:
கொடுத்தார்களே, என்ன ஆனது? 2018-இல் ஈவென்ட்-ஸ்ட்ரீம் என்ற பேக்கேஜை எழுதியவர், தான் அதைப் பயன்படுத்துவதையே விட்டுவிட்ட நிலையில், உதவ வந்த ஒருவரிடம் சாவியைக் கொடுத்தார். வந்தவர் கோபே வாலட்டின் பிட்காயினைத் திருடும் சரக்கை உள்ளே வைத்தார். லினக்ஸில் கோப்பைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்ற கருவியின் கதை இன்னும் மோசம். ‘ஏன் தாமதம், வேறு ஆளிடம் கொடு’ என்று களைத்துப்போன ஒரு மனிதரை மின்னஞ்சலில் அரித்தெடுத்தார்கள். உதவியாளராக நுழைந்தவர் பொறுமையாக நம்பிக்கையைச் சம்பாதித்து, 2024-இல் 5.6.0, 5.6.1 பதிப்புகள் இரண்டிலும் பின்கதவு வைத்தார். தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் எஸ்எஸ்எச் லாகின் அரை நொடி இழுக்கிறதே என்று ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் துருவிப் பார்த்ததால் தப்பித்தோம். ‘கொடுத்துவிட்டுப் போ’ என்று நீங்கள் எழுதும் தொனி அந்த மின்னஞ்சல்களின் தொனிதான்.

கம்பெனிக்கு லாபம் வேண்டும், சர்வர் வேண்டும், இலவச ஆளும் வேண்டும். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே.

டெட்லைன் தாசன்:
என்னைப் பின்கதவு வைத்தவனோடு சேர்க்கிறீர்களா? உங்கள் கோபம் எங்கிருந்து வருகிறது என்று எல்லாருக்கும் சொல்லவா? உங்கள் தேதி லைப்ரரிக்கு நான் அனுப்பிய திருத்தத்தை, அந்தப் புல் ரிக்வெஸ்ட்டை, ஒரு வார்த்தை சொல்லாமல் மூடினீர்கள். நேர மண்டலப் பிழை இன்னும் அப்படியே இருக்கிறது.

செமிகோலன் சித்தர்:
மூடியது ஸ்டேல் பாட், பதில் இல்லாமல் கிடப்பதைத் தானாக மூடும் நிரல். கேட்ட கேள்விக்கு நீங்கள் பதில் போடாததால் அது மூடியது. திருத்தம் இரண்டு வரி. கூடவே ரெப்போ முழுக்க வரி உள்தள்ளலில் டேபை ஸ்பேஸாக மாற்றி அனுப்பினீர்கள். அந்த இரண்டு வரியை நான் எங்கே போய்த் தேடுவது?

பழைய பெருச்சாளி:
டேபை ஸ்பேஸ் ஆக்கியதா? அப்படியென்றால் மூடியது சரிதான். ஆனால் இரண்டு வரி என்கிறீர்களே, இணைப்பைப் போடுங்கள். நானே எண்ணிச் சொல்கிறேன்.

கன்சோல் கண்மணி:
ஐயோ, அவரிடம் இணைப்பைக் கொடுக்காதீர்கள்.

டெட்லைன் தாசன்:
அது நிரலை ஒழுங்குபடுத்தும் ப்ரெட்டியர் தானாகச் செய்தது. சேவ் செய்தாலே ஓடும்படி என் எடிட்டரில் இருக்கிறது. உங்கள் ரெப்போவில் ஒரு கான்ஃபிக் கோப்பு வைத்திருந்தால் அது டேபையே தொட்டிருக்காது.

செமிகோலன் சித்தர்:
டேபா ஸ்பேஸா என்று எடிட்டருக்குச் சொல்லும் எடிட்டர்கான்ஃபிக் இருக்கிறது. முதல் கமிட்டிலிருந்தே இருக்கிறது.

டெட்லைன் தாசன்:
எடிட்டர்கான்ஃபிக் வேறு, ப்ரெட்டியர் கான்ஃபிக் வேறு.

பழைய பெருச்சாளி:
தவறு. எடிட்டர்கான்ஃபிக் இருந்தால் ப்ரெட்டியர் அதையும் படிக்கும். எந்தப் பதிப்பு வைத்திருக்கிறீர்கள்?