லாக், லாகின், லாக் அவுட்: வெள்ளிக்குள் சொல் வேண்டும்

நண்பர்களே, வணக்கம்.
மென்பொருள் இடைமுகம் ஒன்றைத் தமிழாக்குகிறோம். வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும். 'லாக்'கில், அதாவது மென்பொருள் தன்னுள் நடந்ததை வரிசையாகக் குறித்துவைக்கும் கோப்பில், வண்டி நின்றுவிட்டது. ரெக்கார்டும் பதிவு, ரெஜிஸ்டரும் பதிவு, போஸ்டும் பதிவு. 'பதிவுகளின் பதிவைப் பதி' என்று ஒரு வரியே வந்துவிட்டது, சிரிக்காதீர்கள். லாகினுக்கு விக்கிப்பீடியாவின் 'புகுபதிகை' இருக்கிறது. லாகுக்கு?
செ.

செ. தம்பி,
லாக் என்றால் மரக்கட்டை. பாய்க்கப்பலில் கயிற்றில் கட்டிய கட்டையைப் பின்புறம் கடலில் வீசுவார்கள். கயிறு நெடுக சம இடைவெளியில் முடிச்சுகள். அரை நிமிட மணற்கடிகை தீர்வதற்குள் எத்தனை முடிச்சு கைநழுவி ஓடியதோ, அதுவே வேகம். கடலோடிகள் இன்றும் 'நாட்', அதாவது முடிச்சு, என்று சொல்வது அதனால்தான். ஒரு நாட் மணிக்கு 1852 மீட்டர். அந்தக் கணக்கை எழுதிய ஏடு லாக்புக். அதில் பெயர் ஏற்றுவதே பிற்பாடு லாகின் ஆயிற்று. கணக்குப் பாடத்து லாக் வேறு வழி. 1614-இல் நேப்பியர் கிரேக்கச் சொற்களை ஒட்டி ஆக்கியது. நமக்கு அது மடக்கை. நிற்க. சோழர் கல்வெட்டில் 'வரியிலிடுதல்', அதாவது கணக்கேட்டில் ஏற்றுதல், உண்டு, 'வரிப்பொத்தகம்' உண்டு. ஆகவே 'வரியேடு' என்க.
கு.

கு. ஐயா, பொத்தானில் 'வரியேடு' என்று போட்டால் வருமான வரி என்று சனம் ஓடிவிடும்! அப்பா மளிகைக் கடையில் நடந்ததை நடந்த வரிசையில் சிட்டையில் எழுதுவார், இரவில் பேரேட்டில் ஏற்றுவார். லாக் செய்வதும் அதுதானே? 'சிட்டை' போதும்.
மீ.

சிட்டையும் சிட்டாவும் வடக்கத்திச் சரக்கு, அம்மா. இன்னொன்று: 'புகுபதிகை' வினைத்தொகை என்றால் புகுந்த பதிகை, புகுகின்ற பதிகை, புகும் பதிகை. புகுவது பதிகையா, ஆளா?
கு.

இலக்கணத்தை விடுங்கள் ஐயா. 1997-இல் வந்த 'வெப்லாக்' 1999-இல் 'பிளாக்' ஆனது. அதை நாம் 'வலைப்பதிவு' ஆக்கியபோதே லாகைப் பதிவுக்குத் தாரை வார்த்தாயிற்று. 'நிகழ்வுப்பதிவு' என்று வைத்துவிட்டுத் தூங்கப் போகலாம்.
ந.

நால்வர் 'பதிகை', இருவர் 'நிகழ்வுப்பதிவு', மீ. அக்கா மட்டும் 'சிட்டை'. புகுபதிகையோடு ஒட்டி நிற்பதால் 'பதிகை' என்றே அனுப்பிவிட்டேன். லாக் அவுட்டுக்கு 'விடுபதிகை' பொத்தானுக்குள் அடங்கவில்லை, அங்கே 'வெளியேறு'.
செ.

என் கணினியில் மட்டும் அதைச் 'சிட்டை' என்று மாற்றிக்கொள்கிறேன், தம்பி. கோப்பு எங்கே இருக்கிறது?
மீ.